பச்சை மூடி பேஸ்டும் பொல்பிட்டிய மருமகளும்

ஜீவராணி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பீலியடியில். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் குழாயில் பிடித்து விட்டிருக்கும் இடம் அது. குளிப்பது, துவைப்பது, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது எல்லாம் அங்கேதான். ராசம்மா குடத்தை வைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள். ராசம்மா என் சின்னம்மா மகள், நிரோஷனின் அம்மா. அந்த வரிசையில் எனக்கு அடுத்த வீட்டில், அடுத்த காம்பராவில்தான் அன்றும் இன்றும் குடியிருக்கிறாள்.

"அக்கா, நம்ம நிரோஷன் பொல்பிட்டியில ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கானாம். பேரு ஜீவராணியாம்."

"யாரு மக?"

"அதத்தான் நானும் கேட்டேன். நல்ல புள்ளம்மாங்கிறான். நான் கேட்டது யாரு மகன்னு. அவன் சொல்றது நல்ல புள்ளன்னு."

எங்களுக்கு ஓர் ஆளைப் புரிந்துகொள்ள வேறு வழி தெரியாது. யார் மகள், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், தாய்மாமன் யார், எங்கே பெண் கொடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள். லிந்துலையைச் சுற்றி எந்தத் தோட்டத்து லயத்துக் கதவைத் தட்டினாலும் எனக்கு ஒரு மச்சானோ மதினியோ சம்பந்தியோ வந்து கதவைத் திறப்பார்கள். பொல்பிட்டியில் எனக்கு யாரும் இல்லை. அங்கே ஆற்றுத் தண்ணீரில் கரண்டு எடுக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அந்த ஊர்ப் பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சேர்க்காமலேதான் கல்யாணம் முடிந்தது. வந்தவள் உயரமான பெண். சத்தமில்லாமல் நடப்பாள், கேட்டால்தான் பேசுவாள். ஆனால் போன் வந்தால் சிங்களத்தில் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். அவள் அப்பா கொத்தனாரோடு கூலிக்குப் போனவர். சுற்றிலும் சிங்களக் குடும்பங்கள் இருந்த இடத்தில் வளர்ந்தவள், பேசத்தானே செய்வாள். ராசம்மாவுக்கு அது ஒப்பவில்லை. "என்னத்தப் பேசுறான்னே வெளங்கல. பேசும்போது என்னயப் பாக்குறா, அப்பறம் சிரிக்கிறா" என்பாள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ஏழெட்டு வருஷம் கொழுந்து பறித்தாள். மகள் தனுஷிகா பிறந்த பிறகு கழுத்தில் வலி கண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் கூடைக் கயிற்றைத் தலையில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கயிறு போடாமல் எப்படிக் கொழுந்து எடுப்பது? நிரோஷன் அப்போது கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றான். மாதம் ஒரு தடவை வருவான். நீயும் வா, ஒரு வீட்டில் சமையல் வேலை இருக்கிறது, பிள்ளையை அம்மாவிடம் விடலாம் என்றான். ஜீவராணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிள்ளைக்கு அப்போது நாலு வயது.

அந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டர் வந்தார்.

தோட்டத்து ஆட்களின் நலன் பார்க்க ஒருவரை வைத்திருக்கிறார்கள், வெல்பெயர் ஐயா என்போம். அவர்தான் கூட்டி வந்தார். ஒரு டாக்டர் மிஸ், சின்ன வயது, சிங்களப் பெண். கூட ஒரு வேன், ஒரு டிரைவர், பெட்டி பெட்டியாக பேஸ்ட். விஷயம் இதுதான். இரண்டு வகை பேஸ்ட் இருக்கிறது. ஒன்று கடையில் விற்கிற மாதிரியானது. மற்றதில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள். பல் சொத்தையாவதையும் அழுக்குப் படிவதையும் எது நன்றாகத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். டியூப் இரண்டும் வெள்ளை. ஓர் எழுத்துக் கிடையாது. ஒன்றுக்குப் பச்சை மூடி, ஒன்றுக்கு நீல மூடி. ஒரு காம்பராவுக்கு ஒரு நிறம். தீர்ந்த டியூபைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. அதையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். கடைசிவரை ஒழுங்காக இருந்தவர்களுக்குச் சொத்தைப் பல்லை எல்லாம் காசில்லாமல் அடைத்துத் தருவார்கள்.

வீடு வீடாகப் போய்க் கொடுக்கவும் வாங்கவும், தமிழில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். வெல்பெயர் ஐயா ஜீவராணியைக் காட்டினார். அப்போது அவர் அவளிடம் சொன்னதை நானும் கேட்டேன்:

"இத எந்த முறைப்பாடும் புகாரும் வராம முடிச்சிக் குடு. கீழ் டிவிஷன் பிள்ளைக் காம்பராவுக்கு ஆயம்மா வேலைக்கு ஆள் எடுக்கணும். ஒன்னயத்தான் போடலாம்னு நினைக்கிறேன்."

பிள்ளைக் காம்பரா என்றால் தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம். அங்கே வேலை கிடைத்தால் கொழும்புக்குப் போக வேண்டாம், மகளைப் பிரிய வேண்டாம். ஜீவராணி அன்றைக்குத்தான் வெல்பெயர் ஐயாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

எங்கள் ஆட்களுக்கு இலவசம் என்றாலே சந்தேகம்தான். ஏன் தருகிறார்கள்? நம்மிடம் எதை எடுக்கப் போகிறார்கள்? டாக்டர் மிஸ் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று நீளமாகப் பேசினார். ஜீவராணி தமிழில் சொன்னாள். கூட்டத்திலிருந்து அழகம்மா கேட்டாள்:

"அவங்க அம்புட்டு நேரம் பேசுனாங்க. நீ நாலு வார்த்தையில முடிச்சிட்ட. மிச்சத்த எங்க வச்சிருக்க?"

"அவ்வளவுதாங்க்கா சொன்னாங்க."

"எது நல்ல பேஸ்டு, எது சும்மா பேஸ்டுன்னு கேளு."

ஜீவராணி கேட்டாள். டாக்டர் மிஸ் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அவங்களுக்கும் தெரியாதாம். தெரிஞ்சா பாக்குறப்ப ஒரு பக்கமா பாத்துருவாங்களாம். அதனால தெரியாமதான் வச்சிருக்காங்களாம்."

சிரித்தார்கள் எல்லோரும். டாக்டருக்கே தெரியாத மருந்தா? அன்றிலிருந்து பச்சை மூடிக்காரர்கள் நீலத்தில்தான் சத்து இருக்கிறது என்றார்கள். நீல மூடிக்காரர்கள் பச்சையில் என்றார்கள். பீலியடியில் மாற்றிக்கொள்ளப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் கைமாறவில்லை. எதிரில் இருப்பவள் பாதியைப் பிதுக்கிவிட்டுத்தான் கொடுப்பாள் என்று இரண்டு பக்கமும் நினைத்தது.

பிறகு சிவப்பு வில்லை ஒன்று வந்தது. கடித்து மென்று துப்பினால் பல்லில் அழுக்கு இருக்கிற இடமெல்லாம் சிவந்து நிற்கும். கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். சர்மிளா என்று ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி, கண்ணாடியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் பல்லு வெள்ளையாத்தான் இருந்துச்சு. இந்தக் குளுசதான் செவப்பாக்கிருச்சு" என்று வீம்பு பிடித்தாள்.

அழகம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க அம்பது வருஷமா வெத்தில போட்டு இதே சோதனயத்தானே பண்றீங்க மதினி. ஒங்களுக்கு ஒரு டாக்டர் சம்பளமும் வரலயே."

என்னை அவர்கள் சேர்க்கவில்லை. என் வாயில் நாலு பல்தான் மிச்சம். டாக்டர் மிஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெதுவாக அணைத்தார்.

"ஒங்களுக்கு வேணாமாம், பெரியத்த" என்றாள் ஜீவராணி.

"அது எனக்கே தெரியுது. அதுக்கு எதுக்கு சிங்களம்."

சில மாதங்கள் போயின. பல் விஷயத்தில் ஆட்கள் கொஞ்சம் பழகியும் விட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும் முன்னால் கான் ஓரத்தில் வரிசையாக நின்று பல் தீட்டுவதைப் பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். கான் என்றால் லயத்து வாசல் நெடுகப் போகும் தண்ணீர் வாய்க்கால்.

மாரியம்மன் திருவிழா நெருங்கும்போதுதான் மூக்கன் அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தார். அவர் கோயில் கமிட்டித் தலைவர். எனக்குத் தூரத்து அண்ணன் முறை. என் கொழுந்தன் சம்சாரத்தின் பெரியப்பா மகன். யாரோ அவர் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். மாட்டெலும்பைச் சுட்டு, இடித்து, வெள்ளைப் பொடியாக்கி பேஸ்ட்டில் போடுகிறார்கள் என்று அதில் ஒருவன் பேசினானாம். மூக்கன் அண்ணன் அந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டே ராசம்மா வாசலுக்கு வந்தார்.

"மருமகளக் கூப்புடு."

ஜீவராணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நாளான்னிக்குக் காப்புக் கட்டுறோம். தெருவிழா முடியுறவரைக்கும் தோட்டத்துல மீன் முள்ளுகூட அடுப்பில ஏறாது. நீ குடுக்குற பேஸ்டுல எலும்பு இல்லன்னு ஆத்தா முன்னுக்குச் சூடம் அடிச்சிச் சொல்லுவியா?"

அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அவள் சொன்னது வேறு.

"எனக்குத் தெரியாது மாமா. கேட்டுச் சொல்றேன்."

கேட்டாள். டாக்டர் மிஸ் வேறு ஊருக்குப் போயிருந்தார். போனை எடுத்த டிரைவர், அதெல்லாம் ஒன்றுமில்லை, தீட்டச் சொல்லு என்றானாம். அதைப் போய் ஆத்தாவின் பெயரால் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததையே எங்கள் ஆட்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். எலும்பு இருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் வாயை மூடிக்கொள்கிறாள்?

காப்புக் கட்டியதும் லயம் முழுவதும் பேஸ்ட்டை நிறுத்தியது. உப்பும் அடுப்புக் கரியும் மறுபடி வந்தன. இதை யாரும் ஜீவராணியிடம் சொல்லவில்லை. சொன்னால் முறைப்பாடாகிவிடும், அவள் வேலை போய்விடும் என்று ஒரு நினைப்பு. பல் அடைத்துத் தரமாட்டார்கள் என்று இன்னொரு நினைப்பு. ஆனால் டியூபை நிறுத்துப் பார்ப்பார்களே. அதற்கு எங்கள் பெண்கள் ஒரு வழி கண்டார்கள். தினமும் காலையில் தீட்டுகிற அளவைப் பிதுக்கிக் கானில் விட்டார்கள். அவள் மனசு நோகக் கூடாது, தெய்வமும் கோபிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்குகிற யோசனை.

ஒரு நாள் காலை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கானில் தண்ணீர் பால் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. நுரை கட்டி, மேல் காம்பராவிலிருந்து கீழ்க் காம்பராவரை. புதினா மணம் வேறு. ஜீவராணி தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நின்றாள். கானையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரோ உடுப்புத் தொவைக்கிறாங்க போல, பெரியத்த" என்றாள்.

அது சோப்பு நுரை இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஆயம்மா வேலையை நினைத்துத்தான் பேசாமல் போகிறாள் என்று எனக்குப் பட்டது.

திருவிழா முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஈரம் காயுமுன்னே வேன் வந்து நின்றது. சொல்லாமல் வந்தார்கள். சிவப்பு வில்லையைக் கொடுத்தார்கள். போன தடவை ஓரங்களில் மட்டும் சிவந்த வாயெல்லாம் இந்தத் தடவை முழுக்கச் சிவந்து நின்றது. டாக்டர் மிஸ் ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். பிறகு டியூப்களைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத் தீர்ந்திருந்தது. மறுபடி வாயைப் பார்த்தார்.

ஒரு டியூப் மட்டும் குறைந்தது. ராசம்மா வீட்டு டியூப். "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு" என்றாள் ராசம்மா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அதற்குள் சந்திக் கடைக்கு டீ குடிக்கப் போன டிரைவர் திரும்பி வந்தான். அவன் கையில் ஒரு வெள்ளை டியூப், பச்சை மூடி, பிரிக்காதது. லாபிர் முதலாளி கடைக் கண்ணாடி அலுமாரியில் இருந்ததாம். அவன் எதற்கு அலுமாரியை எல்லாம் துழாவினான் என்று எனக்கு இன்னும் ஒரு கேள்வி உண்டு.

டாக்டர் மிஸ் ஜீவராணியைத் தனியாக அழைத்துப் போய்ச் சிங்களத்தில் பேசினார். சத்தம் போடவில்லை. ஆனால் விரல் டியூபைக் காட்டியது, பிறகு அவளைக் காட்டியது. திரும்பி வந்தவளின் முகம் சுண்டிப் போயிருந்தது.

"என்னடி சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பேஸ்ட்ட நான் கடைக்கு வித்துட்டு, வெறும் டியூப கணக்குக் காட்டுறேனாம். நாளைக்கு வெல்பெயர் ஐயாவோட வருவாங்களாம். பேஸ்ட் எங்க போச்சுன்னு சொல்லணுமாம்."

அன்று சாயந்தரம் வெற்றிலை வாங்கப் போகிற சாக்கில் நானும் அவளோடு சந்திக்குப் போனேன். கடையில் லாபிர் இல்லை. அவர் மனைவி கமறியா இருந்தாள்.

"ஒங்கட மாமிதான் தந்தாங்க" என்றாள் கமறியா, ராசம்மாவைச் சொல்லி, கேட்பதற்கு முன்பே. "காப்புக் கட்டியாச்சு, எலும்புப் பேஸ்ட்ட வீட்டுல வச்சிக்க ஏலாது, கொட்டவும் மனசில்ல, நீங்க எறச்சி திங்கிற ஆளுங்கதானே, நீங்க பல்லு தீட்டப் பாவிங்கன்னு தந்துட்டுப் போனாங்க."

"நீங்க தீட்டிப் பாத்தீங்களா?" என்றேன்.

"நல்ல கேள்வி கேட்டீங்க. எலும்புன்னா எந்த எலும்பு? அறுத்ததா, செத்ததா, பன்றியா? தெரியாம வாயில வைப்பேனா? அதான் தொடாம அலுமாரியில வச்சேன். ஒரு காசு யாரும் குடுக்கவுமில்ல, வாங்கவுமில்ல."

திரும்பி நடந்தோம். தேயிலைச் செடிகளுக்குள் மூட்டம் இறங்கியிருந்தது. ஓரிடத்தில் ஜீவராணி நின்று கேட்டாள்:

"அத்த பேர நான் சொன்னா, எங்க வீட்டு ஆளே கடைக்குக் கொண்டு போனதாத்தானே ஆகும், பெரியத்த?"

"ஆகும்."

"சொல்லாட்டி?"

"நீ வித்ததாகும்."



எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். மேலே தகரம் ஒன்று. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் என் சட்டி அதிரும். அடுப்பு மூட்டுகிற நேரத்தில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"எம்பேர இழுத்தீன்னா இந்த வாசலுக்கு வராத" என்றாள் ராசம்மா.

"ஒங்க பேர சொல்ல மாட்டேன், அத்த. ஆனா கான்ல போனத சொல்லித்தான் ஆகணும்."

"ஊரயே காட்டிக் குடுக்கப் போறியா?"

"கொழும்புக்குப் போறதுக்கு எனக்கு மனசில்ல. புள்ளைய விட்டுட்டுப் போயி யாரு வீட்டுச் சட்டியக் கழுவுறது?"

"நீ சிங்களத்துல என்னத்தச் சொல்லுவியோ. எங்களுக்கு என்ன தெரியப் போகுது. எல்லாரும் வித்தாங்கன்னு சொன்னாலும் நாங்க தலைய ஆட்டிக்கிட்டு நிப்போம்."

அதற்குப் பிறகு பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற சத்தம்தான் கேட்டது.

மறுநாள் பிள்ளைக் காம்பரா வாசலில் எல்லோரும் கூடினோம். மலைக்குப் போக வேண்டிய பெண்கள்கூடக் கூடையோடு நின்றார்கள். டாக்டர் மிஸ், வெல்பெயர் ஐயா, அந்த டிரைவர். மூக்கன் அண்ணன் போனோடு வந்திருந்தார். ஜீவராணி நடுவில் வந்து நின்றாள். முதலில் சிங்களத்தில் சொன்னாள். ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, அதையே எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். அடுத்த வாக்கியம், பிறகு தமிழ். கூட்டத்தில் சிங்களம் தெரிந்த பையன்களும் இருந்தார்கள். அவர்கள் தலையை ஆட்டியதில் அவள் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்று தெரிந்தது.

"பேஸ்ட் கடைக்குப் போகல. காப்புக் கட்டுன நாள்ல இருந்து தெருவிழா முடியுறவரைக்கும் யாரும் இதுல பல்லு தீட்டல. இதுல எலும்பு இருக்குன்னு பயந்தாங்க. கான்ல விட்டாங்க. கான் வெள்ளையா ஓடுனத நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் ஒங்களுக்குச் சொல்லல. சொன்னா வேல போயிருமேன்னு சொல்லல. அது எம்மேல தப்பு."

கூட்டம் இறுகிப் போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சர்மிளா தரையில் கால் விரலால் கோடு போட்டாள்.

டாக்டர் மிஸ் கேட்டார். ஜீவராணி அதையும் தமிழில் சொன்னாள்: "யாரு யாருன்னு பேர் சொல்லச் சொல்றாங்க." பிறகு அவரைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். அது எனக்கே விளங்கியது.

டிரைவர் அந்த டியூபைத் தூக்கிக் காட்டினான். இது எப்படிக் கடைக்குப் போனது?

ஜீவராணி வாயைத் திறக்கவில்லை. வெல்பெயர் ஐயா அவளையே பார்த்தார். முடிந்தது, கொழும்புதான் என்று நான் நினைத்தேன். அப்போது என் பக்கத்திலிருந்து ராசம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே போனாள். மருமகள் மேல் பாசம் வந்து போனாள் என்று நான் எழுத மாட்டேன். கள்ளி வீடு என்று தன் வீட்டுக்குப் பெயர் வருவதை அவளால் தாங்க முடியாது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அவள் அப்பா, என் சித்தப்பா, ஒரு கொழுந்தைக்கூட மற்றவர் கூடையிலிருந்து எடுக்காதவர்.

"அது நாங் குடுத்தது. சும்மா குடுத்தது. கமறியாவக் கூப்புட்டுக் கேளுங்க. காப்புக் கட்டுன வீட்டுல எலும்ப வச்சிக்கிட்டு நாங்க என்னா பண்றது?" பிறகு டாக்டர் மிஸ்ஸைப் பார்த்தாள். "நீங்க இப்பச் சொல்லுங்க. அதுல எலும்பு இருக்கா, இல்லியா? ஏய், கேளு. அப்பிடியே கேளு."

ஜீவராணி அப்படியே கேட்டாள்.

டாக்டர் மிஸ் டியூபைத் திருப்பிப் பார்த்தார். அதில்தான் ஓர் எழுத்தும் இல்லையே. இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கம்பெனியில் கேட்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

மூக்கன் அண்ணன் கேட்டார்: "எங்களுக்கும் தெரியாது. குடுக்குற ஒங்களுக்கும் தெரியாது. அப்ப இதுல என்னா இருக்குன்னு தெரிஞ்ச ஆளு யாருதான்?"

ஜீவராணி அதையும் சிங்களத்தில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு மரியாதையும் குறையவில்லை. டாக்டர் மிஸ்ஸின் காது சிவந்தது. வந்த நாளிலேயே இதைக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், திருவிழா எப்போது என்றும் கேட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னாராம். ஜீவராணி சொல்லித்தான் தெரியும்.

ஆனால் ஒன்றும் இனிப்பாக முடியவில்லை. கானில் போனதைக் கண்டும் மறைத்த ஆளை இந்த வேலையில் வைத்திருக்க முடியாது என்று டாக்டர் மிஸ் சொன்னார். கோபத்தில் இல்லை, விதி அப்படி என்றார். அன்றைக்கே அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி வேனில் வைத்தார்கள். வேறு தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து மீதி மாதங்களைச் செய்தாள். எங்கள் லயத்தின் அந்தத் திருவிழா நாட்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம்.

இரண்டு வாரம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். எலும்பு இல்லை, கல்லிலிருந்து எடுக்கிற பொடிதான் என்று. "கல்ல ஒடச்சத யாரு பாத்தா" என்றார் மூக்கன் அண்ணன். பாதிப் பேர் தீட்டினார்கள். பாதிப் பேர் கரியோடு நின்றுவிட்டார்கள். பல் அடைக்கிற முகாம் வந்தது. அழகம்மா கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டாள். அதற்குள் என்னத்தை வைத்து அடைத்தார்களோ என்று கொஞ்ச நாள் அந்தப் பக்கம் கடிக்காமல் சாப்பிட்டாள். பச்சை நல்லதா நீலம் நல்லதா என்று இன்றுவரை யாரும் எங்களுக்கு வந்து சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

ஆயம்மா வேலைக்குத் தாய்மார்கள் ஒப்ப வேண்டும். பிள்ளையை விட்டுப் போகிறவர்கள் அவர்கள்தானே. வெல்பெயர் ஐயா கீழ் டிவிஷன் தாய்மார்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எல்லார் முன்னுக்கும் கான்ல விட்டத சொல்லிட்டா. நாளைக்கு எம்புள்ள வீட்டுக் கதையக் கொண்டு போயிச் சொல்ல மாட்டான்னு என்னா நிச்சயம்?" என்றாள் சர்மிளா.

"பேரு சொல்லலியே. சொல்லியிருந்தா மொதப் பேரு ஒம்பேருதான்" என்றாள் அழகம்மா. "வேல போகும்னு தெரிஞ்சே சொல்லல. எம்பேரனுக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்."

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கீழ் டிவிஷன் பிள்ளைக் காம்பராவுக்குச் சர்மிளாவின் நாத்தனாரைப் போட்டார்கள். ராசம்மா அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற சுவர் ஓரமாக வந்து உட்கார்ந்துகொண்டு, "அவளுக்குப் பாலு கலக்கத் தெரியுமா, பொட்டு வைக்கத்தான் தெரியும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினாள். மருமகளுக்காக அவள் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே ஜீவராணி கொழும்புக்குப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பை கட்டி முடிவதற்குள் மேல் டிவிஷனிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஆயம்மா பென்ஷன் போகிறாள். அங்கே உள்ள தாய்மார்களுக்குக் கான் கதை முழுக்கத் தெரியும். அவர்கள் லயமும் பேஸ்ட்டைக் கானில்தான் விட்டதாம். அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெயர் சொல்லாத பெண் என்றால் எங்களுக்கு வரட்டும் என்றார்களாம். உள்ளே வேறு கணக்கும் இருக்கலாம். வெல்பெயர் ஐயா அவளை அனுப்பினார். முதல் மாதம் தாய்மார்கள் தினமும் பால் போத்தலை மோந்து பார்த்துத்தான் கொடுத்தார்கள், திரும்ப வாங்கும்போதும் மோந்து பார்த்தார்கள். இரண்டாவது மாதத்தில் விட்டுவிட்டார்கள்.

ஜீவராணி இப்போது மேல் டிவிஷன் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருக்கிறாள். குடியிருப்பது எங்கள் லயத்தில், எனக்கு அடுத்த காம்பராவில். காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு போய், சாயந்தரம் கூட்டிக்கொண்டு வருகிறாள்.